காப்பிரியர்: ஒரு பெயரும் இரு மக்களும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு கல்யாண வீட்டில் இராப்போசனம் முடிந்து, பெரியவர்கள் வெற்றிலைத் தட்டத்தைச் சுற்றி அமர்ந்துவிட்ட நேரத்தை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவருவார்களாக. அதுவரை மெல்லிசை வாசித்துக்கொண்டிருந்த வாத்தியக்காரர் திடீரெனத் தாளத்தை மாற்றுகின்றனர். மூன்று மூன்றாகத் துள்ளிவரும் அந்தத் தாளம் காதில் விழுந்ததும், கதிரையை விட்டு எழுவதில்லையென்று சபதம் செய்தவர்போல் இருந்த மாமாமார்கூட எழுந்துவிடுகின்றனர். "பைலா தொடங்கிவிட்டது" என்று பிள்ளைகள் ஓடிவருகின்றனர். மிருதங்கம் பயின்ற ஒருவர் அங்கிருப்பாராயின் இதனைத் திஸ்ர நடை என்று சொல்லக்கூடும். அவ்வளவோடு அந்தத் தாளத்தைப் பற்றிய விசாரணை முடிந்துவிடும். யார் கொண்டுவந்தனர் என்று கேட்பார் இல்லை.

பைலா என்பது, ஆடுதல் என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. அதற்கு மூத்த உறவாகிய இன்னோர் ஆடலும் இந்நாட்டில் உண்டு. அதன் பெயர் கபிரிஞ்ஞா. இந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் முன்பாதியில் 'காப்பிரி' என்னும் சொல் நிற்பதைக் காணலாம். பின்பாதி, சிறுமையையும் செல்லத்தையும் குறிக்கும் போர்த்துக்கேய விகுதி. ஆகவே ஆடலின் பெயரிலேயே ஒரு மக்கட் கூட்டத்தின் பெயர் பொதிந்து கிடக்கின்றது. அந்த மக்கள் யார், எங்கிருந்து வந்தனர், இன்று எங்கே இருக்கின்றனர் என்பவற்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

முதலிற் பெயரைப் பார்ப்போம். ஏனெனில் இந்தப் பெயர் வழிகாட்டுவதுபோல் தோன்றி வழி தவறச் செய்வது. அரபு மொழியிற் 'காஃபிர்' என்பதற்கு இறைவனை ஏற்காதவன் என்பது பொருள். கிழக்கு ஆபிரிக்கக் கரையில் வாணிகஞ் செய்த முஸ்லிம்கள், இஸ்லாத்தைத் தழுவாத உள்நாட்டு மக்களை இச்சொல்லாற் குறித்தனர். அது சமயம் பற்றிய சொல்லேயன்றி, நிறத்தையோ குலத்தையோ சுட்டிய சொல்லன்று. 1498 ஆம் ஆண்டு வாஸ்கோ ட காமா அக்கரையை அடைந்தபின் போர்த்துக்கேயர் அதனைக் காதாற் கேட்டு, பொருளைப் பொருட்படுத்தாமல், கரிய நிறமுடைய ஆபிரிக்கர் அனைவருக்கும் பொதுப் பெயராக்கினர். அவர்கள் வாயிற் 'காஃப்ரே' ஆயிற்று. ஒல்லாந்தர் வாயிற் 'காஃபர்' ஆயிற்று. ஆங்கிலேயர் அதனை மீண்டும் 'காஃபிர்' என்றனர். சிங்களத்திற் காப்பிரி என்றும், தமிழிற் காப்பிரி, காப்பிலி என்றும் அது வழங்கலாயிற்று. சுருட்டை மயிரும் கரிய மேனியும் உடைய பிள்ளையைக் 'காப்பிலி' என்று கேலிசெய்யும் வழக்கம் நம்மவர் வீடுகளிலும் இருந்ததுண்டு. கேலிசெய்தவர் எவரும் ஒரு காப்பிரியரைக் கண்ணாற் கண்டிருப்பார் என்பது ஐயமே.

ஐரோப்பியர் இதே பெயரை மிக உறுதியாக ஒட்டிவைத்தது, ஆபிரிக்காவின் தென்கிழக்குக் கரையில் வாழும் ஒரு பெரிய மக்கள் இனத்தின் மீது. அவர்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயர் கோசா. நாம் 'கோசா' என்று எழுதினும், அதன் முதலெழுத்து நம் நெடுங்கணக்கில் இல்லாத ஓர் ஒலி. நாவின் பக்கத்தை அண்ணத்தினின்றும் சட்டென விடுவித்து எழுப்புவது. வண்டிக்காரர் மாட்டை முடுக்கும்போது செய்யும் ஒலியைப் போன்றது. இவ்வாறான ஒலிகள் மூவகையாக அம்மொழியில் உள்ளன. இரக்கப்பட்டு நாம் உச்சுக் கொட்டுகின்றோமே, அதுவும் அவற்றுள் ஒன்று. நமக்கு உணர்ச்சிக் குறிப்பாக நின்றுவிட்ட ஓசை அவர்களுக்கு மெய்யெழுத்தாகச் சொல்லுக்குள் அமர்ந்திருக்கின்றது. இவ்வொலிகள் கோசா மக்கள் தெற்கே பரவியபோது அங்கு முன்னரே வாழ்ந்த கொய், சான் என்னும் மக்களிடமிருந்து பெற்றவை என்பது மொழிநூலார் துணிபு. மணவுறவின்றியும் அயலுறவின்றியும் ஒரு மொழி மற்றொன்றின் மெய்யெழுத்துக்களைப் பெறுவதில்லை. எனவே கலப்பற்ற ஒரே குலத்தாராக அவர்கள் வானத்திலிருந்து இறங்கவில்லை என்பதை அவர்களுடைய நாவே சொல்கின்றது.

கோசாவினர் ஆநிரை மேய்த்தும் தினை வகைகளைப் பயிரிட்டும் வாழ்ந்தவர்கள். அவர்களைப் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளிற் சில விந்தையான வழியாற் கிடைத்தவை. 1552 ஆம் ஆண்டு கொச்சியிலிருந்து மிளகு ஏற்றிக்கொண்டு லிஸ்பனுக்குப் புறப்பட்ட சாவோ ஜோவாவோ என்னும் பெருங்கப்பல் அக்கரையோரத்தில் உடைந்தது. அதன்பின் உடைந்த கப்பல்கள் பல. தப்பிப் பிழைத்தோர் மாதக்கணக்கில் நடந்து சென்றனர். அவர்கள் எழுதிவைத்த குறிப்புகளில் அக்கரையோர மக்களின் குடிசைகளும் மந்தைகளும் தலைவர்களும் வருகின்றனர். 1686 ஆம் ஆண்டு ஸ்தாவனிசே என்னும் ஒல்லாந்தக் கப்பல் உடைந்தபோது, அதன் மாலுமிகள் கோசா மக்களிடையே அடைக்கலம் பெற்று நெடுங்காலம் வாழ்ந்தனர். அன்னியனுக்கு உணவும் இடமும் தந்த அந்தப் பெருந்தன்மையை நூறாண்டு கழித்து வந்தவர்கள் நினைவில் வைத்திருந்ததாகத் தெரியவில்லை.

பாலோ என்னும் மன்னன் 1775 ஆம் ஆண்டளவில் இறந்தான். அவன் மக்கள் இருவர் வழியாகக் கோசா அரசு கலேக்கர், ரராபேயர் என இரு கிளையாயிற்று. தெம்பு, பொண்டோ முதலிய வேறு குலத்தாரும் கோசா மொழியே பேசுவோர். பிற்காலத்தில் உலகமறிந்த நெல்சன் மண்டேலா, 1918 ஆம் ஆண்டு தெம்பு குலத்திற் பிறந்தவர். வடக்கே மூண்ட போர்களால் ஊரிழந்து வந்து சேர்ந்த இன்னொரு பகுதியாருக்கு, வேலை தேடித் திரிவோர் என்னும் பொருளில் 'பெங்கு' என்று பெயர் வழங்கியது. இதுவும் பிறர் இட்ட பெயரே. அவர்களும் நாளடைவில் அதைத் தம் பெயராகவே ஏற்றுக்கொண்டனர். இக்குறிப்பை நேயர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

1779 ஆம் ஆண்டு முதல் 1879 ஆம் ஆண்டு வரை, சரியாக நூறாண்டு, கோசா மக்கள் தம் மேய்ச்சல் நிலத்துக்காகக் குடியேறிய வெள்ளையருடன் ஒன்பது முறை போரிட்டனர். ஆங்கில நூல்கள் அவற்றைக் 'காஃபிர் யுத்தங்கள்' என்றே எழுதின. அவற்றுள் நான்காவது போரில், 1811-12 ஆம் ஆண்டுகளில், ஏறத்தாழ 20,000 மக்கள் மீனாறு என்னும் ஆற்றுக்கு அப்பால் விரட்டப்பட்டனர். போர்களைவிடக் கொடியது 1856 ஆம் ஆண்டு வந்தது. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த மாடுகளோடு ஒரு நுரையீரல் நோயும் வந்து மந்தைகளை அழித்துக்கொண்டிருந்த காலம். நொங்கவுசே என்னும் ஓர் இளம்பெண், நீர்த்துறையில் முன்னோரின் ஆவிகளைக் கண்டதாகக் கூறினாள். இருக்கும் மாடுகளைக் கொன்று, தானியத்தை அழித்துவிட்டால், இறந்தோர் எழுவர், புதிய மந்தைகள் வரும், வெள்ளையர் கடலுக்குள் போய்விடுவர் என்பது அவள் கேட்ட வாக்கு. மன்னன் சரீலி நம்பினான். மக்களிற் பெரும்பகுதியினர் நம்பினர். ஏறத்தாழ நான்கு இலட்சம் மாடுகள் கொல்லப்பட்டன. குறித்த நாள் வந்தது. சூரியன் வழக்கம்போல் உதித்து வழக்கம்போல் மறைந்தது. பசியால் இறந்தோர் ஏறத்தாழ 40,000 பேர். எஞ்சியோர் வெள்ளையரின் பண்ணைகளுக்குக் கூலிக்குச் சென்றனர். அந்நிலத்தில் ஆங்கிலத் தேசாதிபதி வெள்ளையரைக் குடியேற்றினார். ஒரு மக்களை மூடநம்பிக்கை அழித்தது என்று இக்கதையைச் சுருக்கிச் சொல்வார் உளர். எழுபதாண்டுக்கு மேலாக நிலம் பறிபோன ஒருவனுக்கு நம்புவதற்கு வேறென்ன மிஞ்சியிருந்தது என்று கேட்பதே எனக்கு நியாயமாகப் படுகின்றது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பெயர் ஒன்றாக இருப்பதால் இலங்கைக் காப்பிரியரும் கோசா மக்களும் ஒருவரே என்று எண்ணிவிடுதல் எளிது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையும் நமது கரையோர நாடும் ஒரே எசமானரின் கையில் இருந்தவை. இரண்டையும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி ஆண்டது. 1795 ஆம் ஆண்டு முனையையும், 1796 ஆம் ஆண்டு கொழும்பையும் ஆங்கிலேயர் அக்கொம்பனியிடமிருந்து கைப்பற்றினர். இரண்டு இடங்களுக்கும் இடையே கப்பல்கள் ஓய்வின்றிச் சென்றுவந்தன. இலங்கையிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரும் நன்னம்பிக்கை முனையில் இருந்தனர். இருந்தும், நமது காப்பிரியரின் முன்னோர் பெரும்பாலும் வந்தது அங்கிருந்தன்று. அதற்கு வடக்கே நெடுந்தூரத்தில் உள்ள மொசாம்பிக் கரையிலிருந்தும், அதற்குப் பின்னாலுள்ள உள்நாடுகளிலிருந்தும் ஆகும். மொசாம்பிக் தீவிற் போர்த்துக்கேயரின் கோட்டை இருந்தது. உள்நாட்டிற் பிடிக்கப்பட்டும் விற்கப்பட்டும் வந்தவர்கள் அங்கிருந்து கோவாவுக்கும், கோவாவிலிருந்து கொழும்புக்கும் ஏற்றப்பட்டனர்.

ஆயினும் இவ்விரு மக்களுக்கும் உறவே இல்லையென்றும் சொல்லமுடியாது. மனிதனைக் கோசா மொழியில் 'உம்ன்டு' என்பர். மனிதரை 'அபன்டு' என்பர். கிழக்குக் கரையின் சுவாகிலி மொழியில் மனிதன் 'ம்டு'. மொசாம்பிக்கின் வடபகுதியில் வாழும் மக்குவா மக்களும் இதற்கு இனமான சொல்லையே வழங்குகின்றனர். இவற்றை ஆராய்ந்த பிளீக் என்னும் ஜெர்மானிய அறிஞர், இம்மொழிகளுக்கெல்லாம் 'பன்டு' என்று பெயரிட்டு, 1862 ஆம் ஆண்டு ஓர் ஒப்பிலக்கணம் வெளியிடத் தொடங்கினார். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே நமது கால்டுவெல் ஐயர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டிருந்தார். தமிழரையும் தெலுங்கரையும் ஒருவரென்று சொன்னால் இருவரும் சிரிப்பர். உறவே இல்லை என்றாலும் பிழை. கோசாவுக்கும் மொசாம்பிக்கின் மக்குவாவுக்கும் உள்ள தொடர்பு அத்தகையது.

போர்த்துக்கேயர் வருமுன்னரே இலங்கைக்கு ஆபிரிக்கர் வந்திருந்தனர். ஆறாம் நூற்றாண்டிற் கொஸ்மாஸ் என்னும் கிரேக்க வணிகர், எத்தியோப்பியாவிலிருந்து இத்தீவுக்குக் கப்பல்கள் வருவதைக் குறித்துள்ளார். 1344 ஆம் ஆண்டு இத்தீவைச் சுற்றிப்பார்த்த இபுனு பதூதா, கொழும்பில் ஜலஸ்தி என்னும் ஒரு கடலதிபதி இருந்தான் என்றும், அவனிடம் ஏறத்தாழ 500 அபிசீனியர் இருந்தனர் என்றும் எழுதியுள்ளார். அவர்கள் அடிமைகளாய் இழுத்து வரப்பட்டவர்கள்போல் அவர் எழுத்திற் காணப்படவில்லை. அஞ்சத்தக்க படையினராகவே காணப்படுகின்றனர். அவர்களின் வழித்தோன்றல்கள் என்ன ஆயினர் என்பதற்குச் சான்றில்லை. கொழும்பு மக்களோடு கரைந்துபோயினர் என்றே கொள்ளவேண்டும். நம்மிற் சிலருடைய நாடியில் அந்த இரத்தம் ஒரு துளி ஓடவும் கூடும்!

1505 ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் வந்தனர். அவர்களுக்குப் பின் ஆபிரிக்கர் படைவீரராகவும், சுமைகாரராகவும், வீட்டு அடிமைகளாகவும் வந்தனர். கோட்டைகளைக் காவல் செய்தனர். எசமானரின் போர்களிற் செத்தனர். திருமுழுக்குப் பெற்றுக் கத்தோலிக்கராயினர். பல ஊர்களிலிருந்து வந்தவர்களாதலின் ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்கவில்லை. இங்கே துறைமுகங்களில் வழங்கிய கலப்புப் போர்த்துக்கேயமே அவர்களுக்குப் பொதுமொழியும், பிறகு தாய்மொழியும் ஆயிற்று. தாய்நாட்டு மொழிகளை அவர்கள் மறந்தது மறதியினால் அன்று; பேசுவதற்கு ஆள் இல்லாமையினால்.

1656 ஆம் ஆண்டு கொழும்பு ஒல்லாந்தர் வசமாயிற்று. கோட்டை கொத்தளங்களைக் கட்டுவதற்கு அவர்கள் அடிமைகளைத் திரளாக உழைக்கவைத்தனர். ஆபிரிக்கரோடு இந்தியக் கரைகளிலிருந்தும் கீழைத் தீவுகளிலிருந்தும் வந்தவர்களும் அவ்வடிமைகளுள் இருந்தனர். பகல் முழுவதும் கோட்டைக்குள் வேலை. பொழுது சாய்ந்ததும் அவர்களை வாவிக்கு அப்பாலுள்ள நிலத்துக்குக் கொண்டுசென்று அடைத்துவிடுவர். அந்நிலம் அப்போது நீராற் சூழப்பட்டிருந்தது; அந்த நீரில் முதலைகள் இருந்தன. வேலி கட்டும் செலவை முதலைகள் மிச்சப்படுத்தின என்று சொல்லலாம். அவ்விடத்தையே ஆங்கிலேயர் 'அடிமைத் தீவு' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். நாம் கொம்பனித்தெரு என்கின்றோம். ஆங்கிலப் பெயரில் அடிமை இருக்கின்றான்; தமிழ்ப் பெயரில் அவனுடைய எசமானன் இருக்கின்றான்!

முதலைக் கதையைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடவேண்டாம். கோட்டைப் பக்கமிருந்து புறக்கோட்டை வழியாகக் கொட்டாஞ்சேனைக்குச் செல்லும் நேயர்கள், கெய்மன் வாசல் என்னும் இடத்தைக் கடந்து போவார்கள். ஒல்லாந்த மொழியிற் 'கெய்மன்' என்பது முதலை. நகரின் அந்த எல்லையிலும் நீரும் முதலையும் இருந்தமைக்கு அப்பெயர் இன்றும் சாட்சி. இதற்கு மாறாக, பேரே வாவியின் பெயரைக் கேட்டுவிட்டு, மொசாம்பிக்கில் உள்ள பெய்ரா துறைமுகத்தின் நினைவாக ஆபிரிக்கர் இட்ட பெயரோ என்று என்னிடம் ஒருவர் ஆர்வத்துடன் வினவினார். அழகான எண்ணந்தான், ஆனால் பெய்ரா நகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றியது. வாவியின் மதகுப் பக்கத்திற் கிடைத்த 'டி பேர், 1700' என்று பொறித்த கல்லைக் கொண்டு, ஓர் ஒல்லாந்தப் பொறியியலாளரின் பெயரே வாவிக்கு ஆயிற்று என்பர். ஓசை ஒற்றுமை ஒன்றையே நம்பிச் சரித்திரம் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

ஆங்கிலேயர் காலத்திலே நிகழ்ந்த ஒரு முரண்பாட்டை நான் எண்ணிப்பார்க்கும் தோறும் வியப்படைகின்றேன். தேசாதிபதி நோர்த் 1798 ஆம் ஆண்டு முதல் 1805 ஆம் ஆண்டு வரை இங்கே ஆட்சி செய்தார். கண்டியை வெல்லும் நோக்கில் இருந்த ஆங்கிலேயருக்கு, மலைக்காட்டின் வெயிலையும் காய்ச்சலையும் தாங்கக்கூடிய வீரர் தேவைப்பட்டனர். எனவே போர்த்துக்கேயரிடமிருந்து ஆபிரிக்கரை விலைகொடுத்து வாங்கிப் படையிற் சேர்க்கலாயினர். மலாயரைக் கொண்டு ஒரு படைப்பிரிவு அமைத்ததுபோல், ஆபிரிக்கரைக் கொண்டு மூன்றாம் இலங்கைப் படைப்பிரிவை அமைத்தனர். நன்னம்பிக்கை முனையில் 'காஃபிர்' என்ற பெயரால் ஒரு மக்களைத் துப்பாக்கி முனையில் ஆற்றுக்கு அப்பால் துரத்திய அதே பத்தாண்டுகளில், அதே அரசாங்கம், இலங்கையில் அதே பெயருடைய வேறொரு மக்களின் தோளிலே துப்பாக்கியைக் கொடுத்து மலை ஏறச் சொன்னது. அங்கே பகைவன் பெயர். இங்கே சிப்பாயின் பெயர். போதாதென்று, கண்டியரசனின் சேவையிலும் காப்பிரியர் சிலர் இருந்தனர் என்பது அக்கால ஆங்கிலேயர் குறிப்புகளால் தெரிகின்றது. இருபக்கமும் நின்ற அவர்களுக்கு அந்தச் சண்டையிற் சொந்த வழக்கு ஒன்றும் இல்லை.

விடுதலை மெல்ல வந்தது. பிரதம நீதியரசர் சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்தனின் முயற்சியால், 1816 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 12 ஆம் தேதிக்குப் பின் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரராவர் என்று அடிமையுடையோர் பலர் ஒப்புக்கொண்டனர். 1844 ஆம் ஆண்டு அடிமைமுறை சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது. ஆபிரிக்கப் படைப்பிரிவு அதற்கு முன்னரே கலைக்கப்பட்டுவிட்டது. இலங்கை ரைபிள் படையிலே சேர்ந்து தொடர்ந்தவர்களுக்கும் 1873 ஆம் ஆண்டோடு வேலை முடிந்தது, அப்படையும் அவ்வாண்டிலே கலைந்தமையால். ஓய்வுபெற்ற வீரர் புத்தளத்திலும் திருகோணமலையிலும் பிற இடங்களிலும் குடியேறினர். சொந்த நாட்டுக்குத் திரும்புவது எப்படி? எந்த ஊர் என்று சொல்லத் தெரிந்த தலைமுறை முன்னமே மறைந்துவிட்டதே.

இன்று இலங்கைக் காப்பிரியரின் தொகை சில நூறுக்கு மேல் ஆயிரத்துக்கு உட்பட்டது என்று மதிக்கப்படுகின்றது. அவர்கள் ஒரு சமூகமாகத் திரண்டு வாழும் இடம், புத்தளம் நகருக்கு அண்மையிலுள்ள சிரம்பியடி என்னும் சிற்றூர். திருகோணமலையிலும் நீர்கொழும்பிலும் சில குடும்பங்கள் உள்ளன. பெரும்பாலோர் கத்தோலிக்கர், மணவுறவால் முஸ்லிம்களும் பௌத்தர்களும் ஆனவர் உளர். அயலவரோடு தலைமுறை தலைமுறையாக மணஞ்செய்துகொண்டமையால், பிள்ளைகளின் முகத்தைக் கொண்டு அவர்களை அடையாளங் காண்பது அரிதாகி வருகின்றது. இதனை யாரும் அழிவென்று சொல்லமுடியாது. தம் மனத்துக்குப் பிடித்தவரை மணந்துகொண்டு சுகமாக வாழ்வது எந்த மனிதனுக்கும் உரியது. அருங்காட்சியகப் பொருள்போல் அவர்கள் தனித்திருக்கவேண்டும் என்று வெளியார் விரும்புவது நியாயமன்று.

மொழியின் நிலை வேறு. பாட்டன் பாட்டிமார் பேசிய கலப்புப் போர்த்துக்கேயம் வீட்டைவிட்டுப் போய்விட்டது. பள்ளியிலும் சந்தையிலும் சிங்களமே. தமிழும் வழங்கும் ஊர் புத்தளம். ஆனால் போன மொழி, போகும்போது பாட்டை விட்டுச் சென்றது. 'மாஞ்ஞா' என்று அவர்கள் அழைக்கும் பாட்டுகள் அவை. பெரும்பாலும் நாலைந்து சிறு அடிகள். காதலோ, கடலோ, ஒரு குருவியோ, ஒரு வேடிக்கையோ பொருளாக இருக்கும். மெதுவாகத் தொடங்கும், அதே அடிகள் திரும்பத் திரும்ப வரும், வரவர வேகமெடுக்கும். டோலக்கும் ரபானும் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாற் சிரட்டையும், கரண்டியும், போத்தலும் போதும். பெண்கள் அமர்ந்த இடத்திலிருந்தே தோளை அசைக்கத் தொடங்கி, பாட்டு ஏற ஏற எழுந்து ஆடுவர்.

பாடும் இளையோருக்கு அவ்வடிகளின் பொருள் தெரியாது. ஓசை தெரியும், எந்த இடத்தில் மூச்சு விடவேண்டும், எந்த இடத்திற் கைதட்டவேண்டும் என்பது தெரியும். சொல்லுக்குச் சொல் அர்த்தம் கூறக்கூடிய முதியோர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவினரே. ஆராய்ச்சியாளர் வந்து பதிவு செய்துள்ளனர். அது நல்ல காரியம். ஆனால் ஒலிப்பதிவு பாட்டைக் காக்கும். ஒரு முதியவள் பாட்டின் நடுவே நிறுத்தி, இந்த அடி யாரைப் பார்த்துச் சொன்னது என்று சொல்லிச் சிரிப்பதை அது காக்குமா என்பது தெரியவில்லை. பொருள் தெரியாமற் பாடுவதைக் குறையென்று நாம் எள்ளி நகையாடவும் முடியாது. தெலுங்கு ஒரு சொல்லும் அறியாமல் தியாகராசரின் கீர்த்தனைகளைக் கேட்டுக் கண்ணீர் விடுகின்றவர்கள் வெள்ளவத்தைச் சபாக் கச்சேரிகளில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம்.

தமிழ் நேயர்களுக்கு இதில் இன்னும் அணுக்கமான ஒரு செய்தி உண்டு. மட்டக்களப்பிலே தமிழரிடையே வாழும் பறங்கியர் இதே கலப்புப் போர்த்துக்கேயத்தை வீட்டில் வழங்கியவர்கள். அவர்களுடைய கல்யாணங்களில் கபிரிஞ்ஞா ஆட்டம் இன்றியமையாதது. 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளில் டச் பார் என்னும் கடலோரக் குடியிருப்பு பெரிதும் அழிந்தபோது, அம்மொழி பேசியோர் பலரும் அதனோடு மாண்டனர். கபிரிஞ்ஞாவின் தாளமே பைலாவாகச் சிங்கள மக்களிடையே பரவியது. பொலிஸ் உத்தியோகத்தராயிருந்த வொலி பஸ்தியான் அதனை மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுவந்தார். பிறகு நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோரின் பொப்பிசைப் பாடல்களாக அதே துள்ளல் தமிழிலும் புகுந்து, யாழ்ப்பாணத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் சென்றது. இந்த இசை முழுவதும் ஆபிரிக்காவிலிருந்தே வந்தது என்று சொல்ல நான் துணியமாட்டேன். போர்த்துக்கேயமும் இந்நாட்டுத் தாளங்களும் அதிற் கலந்துள்ளன. ஆயினும் பெயரிற் காப்பிரியர் நிற்கின்றனர். அவர்களுக்கு உரிய பங்கை மறுக்க இயலாது.

மீண்டும் அந்தப் பெயரின் கதைக்கே வரவேண்டியுள்ளது. தென்னாபிரிக்காவில் இன்று இச்சொல்லை ஒருவரை நோக்கிச் சொல்வது பெருங்குற்றம். நிறவெறி ஆட்சியின் காலத்தில் அது சவுக்கடிக்கு நிகரான சொல்லாயிருந்தது. 2018 ஆம் ஆண்டு இச்சொல்லாற் கறுப்பினத்தாரைத் திரும்பத் திரும்ப வசைபாடிய ஒருவருக்குச் சிறைத்தண்டனையே விதிக்கப்பட்டது. அங்கிருந்து வரும் ஒருவர் சிரம்பியடியில், "நாங்கள் காப்பிரியர்" என்று மக்கள் தலைநிமிர்ந்து சொல்வதைக் கேட்டால் திடுக்கிடுவார். இங்கே அது வசையாகவன்றி, ஒரு வமிசத்தின் பெயராக வழங்குகின்றது. 'பெங்கு' மக்களைப் போலவே இவர்களும் பிறர் எறிந்த பெயரை எடுத்து அணிந்துகொண்டனர். முன்னோர் பிறந்த ஊரின் பெயர், குலத்தின் பெயர், மொழியின் பெயர் எல்லாம் கப்பலிலேயே பறிபோனபின், கையில் எஞ்சியது இந்த ஒரு பெயர்தான்.

சொற்கள் இவ்வாறு கைமாறுவதை நாம் அறியாதவர்களல்லோம். 1860 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16 ஆம் தேதி, சென்னையிலிருந்து சென்ற துரூரோ என்னும் கப்பல் 342 பேரோடு தென்னாபிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கென்று சென்ற அவர்களிற் பெரும்பாலோர் தமிழ் நாட்டாரும் தெலுங்கு நாட்டாரும் ஆவர். நாலாண்டுக்கு முன்னர்தான் அந்நாட்டின் இன்னொரு மூலையிற் கோசா மக்கள் தம் மந்தைகளை இழக்கத் தொடங்கியிருந்தனர். 'காஃபிர்' என்ற சொல் முழங்கிய அதே மண்ணில், நம்மவரை அழைக்க வெள்ளையர் எடுத்தாண்ட சொல் 'கூலி'. உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம் என்னும் பொருளில் வள்ளுவர் கையாண்ட சொல் அது. மருத்துவரானாலும் வழக்கறிஞரானாலும் இந்தியர் அங்கே 'கூலி' என்றே அழைக்கப்பட்டனர். இந்நாட்டு மலையகத்தில் அச்சொல் பட்ட பாட்டை நேயர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அரபியரின் சமயச் சொல் ஒன்றும், தமிழரின் ஊதியச் சொல் ஒன்றும், டர்பன் வீதிகளில் அருகருகே வசையாக நின்றன.

கொழும்புக் கோட்டையிலிருந்து புத்தளம் செல்லும் புகையிரதப் பாதை நீர்கொழும்பையும் சிலாபத்தையும் கடந்து, தென்னந்தோப்புகளுக்கு நடுவே செல்வது. சிரம்பியடியின் இசைக்குழுவினர் அவ்வழியே கொழும்புக்கும் வந்து மேடைகளில் மாஞ்ஞா பாடிச் சென்றுள்ளனர். முன்வரிசையில் முதியோர், பின்னாற் பிள்ளைகள். பிள்ளைகளுக்குப் பொருள் தெரியாத அடிகள் முதியோரின் வாயிலிருந்து மெதுவாகப் புறப்படும். மூன்றாம் முறை பாடும்போது பிள்ளைகளின் குரலும் சேர்ந்துவிடும்; நாலாம் முறை, சிரட்டை தட்டுகின்ற சிறுவன் முதியோரை முந்திச் செல்லத் தொடங்குவான்.